ஆள் ஏறினால் நிற்கும் வண்டி

ஒர்க்ஷாப் மேனேஜர் எஸ்டிமேட் தாளை அவள் பக்கம் திருப்பி, கடைசி வரியின்மேல் பேனாவை வைத்தார். வண்டியக்கா அந்த வரியைப் படித்தாள். பிறகு மேலே போய் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் தொகை மாறவில்லை. மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் ஓட்டினால் சேரும் பணம்.

"இன்ஜின் கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"வேற எல்லாத்தையும் மாத்தியாச்சேம்மா. மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"அப்ப இது கண்டுபிடிச்சது இல்ல. மிஞ்சிப் போனது."

பக்கத்து மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க இருமினாள். மேனேஜர் சிரிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், சின்னச் சிவப்பு வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு, வைத்தியரிடம் வாயைக் காட்டுவதுபோல நின்றது.

அவளுக்கு வண்டியக்கா என்ற பெயரை வைத்தவர்கள் மருத்துவமனைக்காரர்கள். சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பு உள்ளவர்கள் அவள் வண்டியில் ஏறுவதில்லை. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் தொழில். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஒரு இயந்திரம் சுத்தம் செய்து தருகிறது. ஒருவர் எழுந்ததும் அதே படுக்கையில் அடுத்தவர் படுக்க வேண்டும். அரைமணி தாமதமாகப் போனால் அரைமணிக்கான ரத்தம் சுத்தமாகாமலே வீடு திரும்பும். ஆகவே அந்த வேலைக்கு வேகமான வண்டி வேண்டாம், அழகான வண்டி வேண்டாம். நிற்காத வண்டி வேண்டும்.

அவள் வண்டி இரண்டு மாதத்தில் ஐந்து முறை நின்றுவிட்டது.

நிற்பதும் சத்தம் போட்டு, புகைவிட்டு அல்ல. மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு குலுக்கல். அடுத்த சில விநாடிகளில் இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். பின்னால் வரும் வண்டிகள் ஹாரனால் திட்டும். அவள் நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, நோயாளியைக் கைத்தாங்கலாக இறக்கி நடைபாதையில் உட்காரவைத்து, திரும்பி வந்து சாவியைத் திருப்புவாள். முதல் திருப்பிலேயே வண்டி ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பும்.

"நான் ஏறினா அதுக்கு மூச்சு முட்டுதுடி," என்பாள் தையலம்மா. மூன்று முறை நடைபாதையில் உட்கார்ந்தவள் அவள்தான். துணி தைத்துப் பிழைத்தவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். டயாலிசிஸ் ஊசிக்காக அவளுடைய இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைத்திருந்தார்கள். "என் மேல நான் போடாத தையல் இது ஒண்ணுதான், அதனாலதான் கோணலா இருக்கு," என்று அதைக் காட்டுவாள்.

ஒர்க்ஷாப்பில் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், சரியான கணத்தில் ஒரு தீப்பொறி. முதல் முறை தீப்பொறியைச் சந்தேகித்து ஸ்பார்க் பிளக்குகளையும் அவற்றுக்கு மின்சாரம் தரும் காயிலையும் மாற்றினார்கள். வண்டி மறுபடி நின்றது. அடுத்து, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிக் கேட்டார்கள். இந்தக் காலத்து வண்டியில் புகைக்குழாய்க்குள் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று முகர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. மிச்சம் அதிகம் என்றது ஸ்கேனர். மிச்சம் அதிகமானால் உள்ளே காற்று கூடிவிட்டது, இல்லை பெட்ரோல் குறைந்துவிட்டது என்று பொருள். இரண்டில் எது என்று அதற்குத் தெரியாது. பெட்ரோலின் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளந்தார்கள்; சரியாக இருந்தது. அப்படியானால் காற்று என்று, காற்றை அளவாக உள்ளே விடும் த்ராட்டில் பாடியை மாற்றினார்கள். பிறகு முகரும் மூக்கிலேயே கோளாறோ என்று சென்சாரை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் பணம் கட்டினாள். ஒவ்வொரு முறையும் ஒரு மெக்கானிக் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "தேர் மாதிரி போகுதுக்கா," என்று சாவியைக் கொடுத்தார். அது பொய்யும் இல்லை.

ஐந்தாவது முறை நின்றபோது மருத்துவமனையின் போக்குவரத்து அதிகாரி ஒர்க்ஷாப்பிடம் விளக்கம் கேட்டார். மேனேஜர் இரண்டு வரி அனுப்பினார்: வாகனத்தில் குறை எதுவும் காணப்படவில்லை, ஓட்டும் முறை காரணமாக இருக்கலாம். அதிகாரி அதை அப்படியே அவளுடைய கோப்பில் ஏற்றினார். இன்று மாலை நான்கு மணிக்குள் கோளாறு இன்னது, அது சரிசெய்யப்பட்டது என்று ஒர்க்ஷாப் கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நாளை முதல் அவளுடைய நோயாளிகள் ஒரு வேன் கம்பெனிக்குப் போவார்கள். பதினோரு வருடம் ஓட்டிய பாதை அது.

இப்போது மணி பதினொன்றரை.

"இதுல ஒரு கையெழுத்து," என்றார் மேனேஜர். "கம்ப்யூட்டர் ஸ்டாக்ல இருக்கு. ரெண்டு மணிக்கு மாட்டிடுவோம். மூணு மணிக்கு லெட்டர் உங்க கையில. தவணையாக்கூடக் கட்டலாம்."

அதுதான் தொல்லை. வழி அவ்வளவு சுலபமாக, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவள் வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கட்டித் தொலைச்சிடேன்," என்றான் அவன். "நான் பாதி தரேன். லெட்டர் கைக்கு வந்தா போதுமில்ல?"

"நாளைக்கு மறுபடி நின்னா?"

"அதான் புதுசு போடறாங்களே."

"அவங்க இதுவரைக்கும் போட்டதெல்லாமும் புதுசுதாண்டா. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்குத் தலை நிக்காது தெரியுமா? பிரஷர் இறங்கி, கால் தரையில பாவாம வருவாங்க. அவங்களை நடுரோட்டுல இறக்கி வெயில்ல உக்கார வைக்கறவ நான். லெட்டரா வந்து அவங்களைத் தாங்கும்?"

"சரி, என்னதான் பண்ணப் போற?"

"தெரியல. ஆனா தெரியாததுக்குப் பணம் கட்ட மாட்டேன்."

"உன் பிடிவாதத்துக்கு ஒரு எஸ்டிமேட் போடச் சொல்லு," என்று அவன் போனை வைத்தான்.

அவள் உள்ளே போய்த் தாளை மடித்து, கையெழுத்துப் போடாமல் மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

"சார், குறையே இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்க. அது போன வாரம். இந்த வாரம் மூளையே போச்சுங்கறீங்க. ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும். ரெண்டும் பொய்யாவும் இருக்கலாம்."

"என்னம்மா பேசறீங்க? எங்க ஆளுங்க மொத்தம் நூத்திருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருக்காங்க. ஒரு தடவை நிக்கல."

"நான் தனியா ஓட்டினாலும் நிக்கறதில்ல. ஆள் இருந்தாத்தான் நிக்குது. அஞ்சு தடவையும் ஆள் இருந்திச்சு."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். பின்னால நோயாளி இருக்காங்கன்னா உங்களுக்குப் பதற்றம். பதற்றத்துல கால் தப்பா..."

"பதினோரு வருஷமா வராத பதற்றம் ரெண்டு மாசமாத்தான் வருதா? எத்தனை பேரோட ஓட்டிப் பார்த்தீங்க?"

மேனேஜர் பதில் சொல்லுமுன், ஸ்கேனரை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் உள்ளே வந்தார். ஒரு போல்ட்டை முடுக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பவர். அதனாலேயே அங்கே எல்லோரும் அவரை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிட்டார்கள்.

"தனியாத்தான் ஓட்டுவோம்க்கா," என்றார் எக்ஸ்பிரஸ். "விதி அது."

விதி நல்ல எண்ணத்தில் பிறந்தது. முன்பு ஒருமுறை ஒருவர் வண்டியின் பின் இருக்கையில் கிரீஸ் கறை பட்டுப் பெரிய ரகளை ஆகிவிட்டது. அன்றிலிருந்து, வண்டி உள்ளே வந்ததும் ஓட்டுநர் இருக்கைக்கு பிளாஸ்டிக் உறை போடுவார்கள். பின் இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது, எதுவும் வைக்கக் கூடாது. ஓட்டிப் பார்ப்பவர் ஒருவர் மட்டுமே போக வேண்டும். அந்த ஒர்க்ஷாப்பில் பின் இருக்கைகளில் அதன்பிறகு ஒரு தூசி விழுந்ததில்லை.

"ஆளோட நிக்குதுன்னு சொல்ற வண்டியை ஆள் இல்லாம ஓட்டிட்டு, நிக்கலன்னு எழுதறீங்க," என்றாள் வண்டியக்கா. "பல்லு வலிக்குதுன்னு போனவளுக்குக் காலை அமுக்கிப் பார்த்து வலி இல்லன்னு சொன்ன மாதிரி இருக்கு. வாங்க, ஏறுங்க. நான் ஓட்டறேன்."

"கஸ்டமர் ஓட்டக் கூடாது. ஸ்டாஃப் பின்னால ஏறக் கூடாது."

"அது உங்க வண்டிக்கு. இது என் வண்டி, என் பேர்ல இருக்கு. நான் வெளிய எடுத்துட்டுப் போய் கேட்டுக்கு முன்னால நிறுத்தறேன். அங்க உங்க விதி செல்லாது. நீங்க வந்து ஏறுற வரைக்கும் கேட்டை விட்டு நகர மாட்டேன். உள்ள வர்ற வண்டிக்கெல்லாம் காரணம் நீங்களே சொல்லிக்குங்க."

சொன்னதைச் செய்தாள். பானெட்டை மூடி, வண்டியை வெளியே எடுத்து, கேட்டின் வாயை அடைத்து நிறுத்தினாள். கால் மணி நேரத்தில் சர்வீசுக்கு வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவர் இறங்கி வந்து, "என்னம்மா, ரிப்பேரா?" என்றார். "இல்லைங்க, ரிப்பேர் செய்யறவங்க வரணும்னு காத்துட்டிருக்கேன்," என்றாள்.

மேனேஜர் வெளியே வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. தோற்று வந்த நடையாக இல்லை. இவளை ஒரேயடியாக வாயடைத்துவிட வேண்டும் என்ற நடை. அவரும் தையலம்மாவுக்குக் குறையாத கனம்.

"நானே ஏறுறேன். வண்டி நிக்கலன்னா வந்து கையெழுத்துப் போடணும்."

"போடறேன்."

எக்ஸ்பிரஸ் முன்னால் உட்கார்ந்து ஸ்கேனரை மாட்டி மடியில் வைத்துக்கொண்டார். மேனேஜர் பின்கதவைத் திறந்து, பெரிய மனிதர்கள் உட்காருகிற பக்கமாக, அதாவது ஓட்டுநருக்குக் குறுக்காக, ஏறி உட்கார்ந்தார். அவள் மருத்துவமனைச் சாலையில் விட்டாள். அந்தச் சாலையில் எட்டு வேகத்தடைகள். முதலாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். வண்டி போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகவே ஏற்றினாள். மேனேஜரின் தலை கூரையில் இடித்தது. வண்டி நிற்கவில்லை.

"போக எட்டு, வர எட்டு," என்றார் மேனேஜர். "பதினாறு. எண்ணிக்கிட்டேதான் வந்தேன். பதற்றம் இல்லாம ஓட்டினா நல்லாத்தான் ஓட்டறீங்க."

ஒர்க்ஷாப் முற்றத்தில் நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மணி ஒன்றே கால். எக்ஸ்பிரஸ் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் முகத்தைப் பார்க்க விரும்பாதவர்போல. அவள் தலையை உயர்த்தியபோது, உள்கண்ணாடியில் மேனேஜரின் முகம் முழுசாகத் தெரிந்தது. வெற்றி வழிகிற முகம். வழி நெடுக அது அப்படித்தான் தெரிந்துகொண்டே வந்தது, சனியன் மாதிரி.

தையலம்மாவின் முகம் இந்தக் கண்ணாடியில் அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

குரல் மட்டும்தான் வரும், பிடரிக்குப் பின்னாலிருந்து. ஏனென்றால் தையலம்மா எப்போதும் ஓட்டுநருக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள். அங்கே உட்கார்ந்தால்தான் ஊசி போடும் இடது கை கதவில் இடிபடாமல் இருக்கையின் நடுப்பக்கம் இருக்கும். மற்ற இரண்டு முறை நின்றபோது? ஒரு தம்பதி; நோயாளி புருஷன். பெண்டாட்டிக்கு ஜன்னல் காற்று அந்தப் பக்கம் வேண்டும் என்று, புருஷன் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவர் முகமும் தெரியவில்லை. தனியாக வரும் மற்றவர்கள் எல்லோரும் குறுக்காகத்தான் உட்காருவார்கள், அவளோடு பேச வசதியாக. அவர்களோடு வண்டி நின்றதே இல்லை.

மேனேஜர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார்.

"சார், இறங்காதீங்க. இந்தப் பக்கம் நகருங்க. எனக்குப் பின்னால."

"என்னம்மா, விளையாடறீங்களா?"

"அஞ்சு தடவையும் எனக்கு நேர் பின்னால ஆள் இருந்திச்சு சார். இப்பதான் உறைக்குது."

"ஆளு எங்க உக்கார்ந்தா இன்ஜினுக்கு என்ன? இன்ஜின் முன்னால இருக்கு."

எக்ஸ்பிரஸ் மெதுவாகத் திரும்பினார். ஏதோ கணக்குப் போடுகிற கண். "சார்," என்றார், "ஒரு தடவை நகருங்க சார்."

மேனேஜர் முனகிக்கொண்டே நகர்ந்தார். இருக்கை கிரீச்சிட்டது. அவள் வண்டியை எடுத்து, ஒர்க்ஷாப் கேட்டிலேயே இருந்த வேகத்தடைமேல் ஏற்றினாள். முன்சக்கரங்கள் இறங்கின. பின்சக்கரங்கள் இறங்கின. மேனேஜர் குலுங்கினார். பத்தடி போனதும் இன்ஜின் அணைந்தது.

பின்னால் ஒரு ஹாரன் கேட்டது.

"இப்ப பதற்றம் யாருக்கு சார்?" என்றாள் அவள்.

எக்ஸ்பிரஸ் அவள் கையிலிருந்து சாவியை வாங்கி, இன்ஜினைக் கிளப்பாமல் பாதிவரை மட்டும் திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி அணைத்துத் திருப்பினார்.

சாவியைப் பாதி திருப்பினதும், பின் இருக்கையின் அடியிலிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்க வேண்டும். அதுதான் பெட்ரோல் பம்ப். பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும். சுற்றியிருக்கும் பெட்ரோலே அதைச் சூடேறாமல் காக்கும். டேங்க் இருப்பது பின் இருக்கைக்குக் கீழே. முன்னாலும் பின்னாலும் மோதல் வந்தாலும் எட்டாத இடம் என்று அங்கே வைக்கிறார்கள். பம்ப் தள்ளாவிட்டால் முன்னால் இருக்கும் இன்ஜினுக்குச் சொட்டுப் பெட்ரோல் போகாது.

ரீங்காரம் கேட்கவில்லை.

"சார், கொஞ்சம் எந்திரிங்க," என்றார் எக்ஸ்பிரஸ். மேனேஜர் இறங்கினார். எக்ஸ்பிரஸ் சாவியைத் திருப்பினார். ம்ம்ம் என்று பம்ப் பாடியது. "உக்காருங்க. குதிச்சு உக்காருங்க சார்." மேனேஜர் குதித்தார். சாவி திரும்பியது. மௌனம். "எந்திரிங்க." ம்ம்ம். வரிசையில் காத்திருந்த வண்டிக்காரர்களும் முற்றத்தில் நின்ற மெக்கானிக்குகளும் வேடிக்கை பார்க்க, மேனேஜர் மூன்று தரம் உட்கார்ந்து மூன்று தரம் எழுந்தார். நான்காவது தரம் எக்ஸ்பிரஸ் சொன்னபோது, "போதும்டா," என்றார்.

வண்டியை உள்ளே தள்ளி, பின் இருக்கையை இரண்டு கொக்கிகளிலிருந்து விடுவித்துத் தூக்கினார்கள். அடியில் ஒரு வட்ட மூடி, அதன்மேல் பம்புக்குப் போகும் ஒயர்க்கட்டு, அதன் நுனியில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கனெக்டர். ஒயர்க்கட்டு போக வேண்டிய பள்ளத்தில் போகாமல், இருக்கையின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. மேலே கனம் இறங்கிக் குலுங்கினால் சட்டம் ஒயரை இழுக்கும், கனெக்டர் அரிசி மணியளவு வெளியே நழுவும், பம்ப் நிற்கும். கனம் எழுந்தால் வளைந்து கிடக்கும் ஒயரின் விறைப்பே கனெக்டரை மறுபடி உள்ளே தள்ளிவிடும், பம்ப் ஓடும். ஐந்து முறையும் அவள் நோயாளியைப் பத்திரமாக இறக்கி உட்காரவைத்தபோது, தன்னை அறியாமல் வண்டியை ரிப்பேர் செய்துவிட்டாள். பெட்ரோல் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளந்த அன்றும் பின்னால் ஆள் இல்லை.

எக்ஸ்பிரஸ் கனெக்டரை விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்று முறை. பிறகு அழுத்தினார். டிக் என்றது.

"இந்தச் சத்தம் வரணும்," என்றார். "பூட்டு விழுந்தா இழுத்தாலும் நழுவாது. பூட்டே விழல."

"கடைசியா இந்த இருக்கையைத் தூக்கினது யாரு?" என்று கேட்டாள் அவள்.

எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்வியாக இருந்தது அது. இரண்டரை மாதத்துக்கு முன், அறுபதாயிரம் கிலோமீட்டர் சர்வீசில் பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார்கள். இந்த வண்டியில் ஃபில்டர் பம்போடு சேர்ந்து டேங்குக்குள் இருக்கிறது.

"நான்தான்க்கா," என்றார் எக்ஸ்பிரஸ். "பக்கத்துல போல்ட் முடுக்கற ஏர் கன் கத்திட்டிருந்துது. டிக் கேட்கல. பூட்டு விழுந்திருக்கும்னு நினைச்சுட்டேன்."

எல்லாவற்றையும் மூன்று முறை தொட்டுப் பார்க்கிறவர், அதைத் தொடவில்லை. அவளுக்கு வந்த கோபம் அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்தில் மேனேஜர் நின்றார்.

"சரி, நல்லதாப் போச்சு," என்றார் மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டு. "கம்ப்யூட்டர் வேண்டாம், செலவு மிச்சம். தளர்ந்த இணைப்பு சரிசெய்யப்பட்டதுன்னு லெட்டர் தரேன். இதுக்குக் கூலிகூட வேண்டாம்."

"தளர்ந்த இணைப்பு தானாத் தளராது சார். யார் தளரவிட்டது?"

"அதெல்லாம் லெட்டர்ல எழுத மாட்டோம்மா. மேலிடத்துல கேள்வி வரும்."

"எனக்கும் மேலிடம் இருக்கு. அங்க கேள்வி வந்தாச்சு. என் கோப்புல என் கையாளுதல்தான் தப்புன்னு ஏறியிருக்கு. ஏத்தினது உங்க லெட்டர். இறக்கறதும் உங்க லெட்டராத்தான் இருக்கணும்."

"ரெண்டு சர்வீஸ் இலவசம்."

"வேண்டாம்."

"மூணு."

"சார், காய்கறியா வாங்கறோம்? மணி ரெண்டரை. நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணச் சொல்லுங்க."

மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டார். அவளும் கட்டிக்கொண்டாள். கேட்டில் இன்னும் வண்டிகள் நின்றன. பில் போடும் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

இதற்கிடையில் எக்ஸ்பிரஸ் ஜாப் கார்டை எடுத்து, அதன் கடைசிப் பத்தியில் எழுதத் தொடங்கியிருந்தார். அந்த அட்டையில் மெக்கானிக் எழுதுவதை யாரும் அழிக்க முடியாது. வரிசை எண் போட்ட அட்டை, ஒரு பிரதி வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும். மெதுவாகத்தான் எழுதினார். எழுதி முடித்ததும் உரக்கப் படித்தார்: "ஃபில்டர் மாற்றியபோது பம்ப் கனெக்டர் பூட்டப்படவில்லை. ஒயர் தவறான இடத்தில் விடப்பட்டது. செய்தவன் நான். ஓட்டுநர் மேல் தவறு இல்லை." கீழே கையெழுத்துப் போட்டார்.

"உனக்கு வேலை வேண்டாமாடா?" என்றார் மேனேஜர்.

"வேணும் சார். இதுவும் வேலைதான். என்னை அனுப்பிட்டா அடுத்து வர்றவன்கிட்ட இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணுமில்ல?"

முற்றத்தில் இருந்த மெக்கானிக்குகள் யாரும் அசையவில்லை. யாரும் வேலைக்கும் திரும்பவில்லை. மேனேஜர் அவர்களைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு பில் போடும் பெண்ணிடம், "டைப் பண்ணும்மா," என்றார்.

வண்டியக்கா சொன்னாள், அந்தப் பெண் டைப் அடித்தாள். பழக்கத்தில் அந்தப் பெண் 'இருக்கலாம்' என்று அடித்துவிட்ட ஓரிடத்தில் வண்டியக்கா விரலை வைத்து, 'என்பது உறுதி' என்று மாற்றச் சொன்னாள். முந்தைய கடிதம் ரத்து செய்யப்படுகிறது என்று ஒரு வரி சேர்த்தாள். மேனேஜர் கையெழுத்திட்டு, முத்திரையை மேசை அதிரக் குத்தினார்.

"இன்னொண்ணு," என்றாள் அவள் வாசலில் நின்று. "என் பழைய த்ராட்டில் பாடி, சென்சார், காயில் எல்லாம் உங்க ரேக்ல என் பேர்ல சீட்டு கட்டிக் கிடக்கில்ல? தூக்கிப் போட்டுடாதீங்க. திங்கட்கிழமை வரேன். என்னுதை மாட்டிட்டு உங்களோடதைத் திருப்பி எடுத்துக்குங்க. பணத்தையும் எடுத்து வைங்க."

"அப்படி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"யாரும் இதுவரைக்கும் உங்களை மூணு தரம் உக்கார வச்சு எந்திரிக்க வச்சதும் இல்ல."

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பது. போக்குவரத்து அதிகாரியின் அறையில் மின்விசிறி கோப்புகளின் ஓரங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கடிதத்தைப் படித்தார், ஜாப் கார்டின் பிரதியைப் படித்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார்.

"இப்படி ஒரு லெட்டர் ஒர்க்ஷாப்ல இருந்து வந்து நான் பார்த்ததில்ல."

"நானும்தான் சார்."

"சரி, நல்லது. ஆனா நாளைக்கு வேன்காரங்களுக்குச் சொல்லியாச்சே. நீங்க ஒரு வாரம் ரிசர்வ்ல இருங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

"நாலு மணி வரைக்கும் டைம்னு சொன்னீங்க சார். நாலு ஆகறதுக்கு முன்னாலயே வேன்காரங்களுக்குச் சொல்லிட்டீங்க. கெடு வச்சது நீங்க. நான் காப்பாத்திட்டேன். நீங்களும் காப்பாத்துங்க."

அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அவள் நின்றாள். கடைசியில் அவர் போனை எடுத்து, வேன் கம்பெனிக்கு நாளை வர வேண்டாம் என்று இரண்டு வார்த்தையில் சொல்லி வைத்தார். பிறகு அவளுடைய கோப்பைத் திறந்து, 'ஓட்டுநரின் கையாளுதல்' என்று எழுதியிருந்த இடத்தின்மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"ஒரு கோட்டுல இன்னும் படிக்க முடியுது சார். நல்லா அடிங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை அழுத்தி இன்னொரு கோடு போட்டார். அவள் இன்னும் குனிந்தபடியே நிற்கவே, மூன்றாவதையும் போட்டார்.

"நாளைக்குக் காலைல அஞ்சே முக்கால், முதல் நடை," என்றார்.

"அஞ்சரைக்கே கிளம்பணும் சார்," என்றாள் அவள். "எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார்.